சத்தம் போடாத சிம்பல்



போன கிழமை நம்ம பாடசாலையில் நடந்த கண்காட்சிக்கு வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சேர், அந்த மேசையில சைக்கிள் டியூப் போட்டுக் கட்டின தட்டு ஒண்டு இரிந்திச்சே, அது என்ன? பொடியன் அத அடிக்கிறான், சத்தமே இல்ல. ஹெட்போனக் காதில வெச்சா சும்மா கல்யாண வீட்டு பேண்ட் மாதிரி கேட்குது."

எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள். இதில் அந்தத் தட்டின் கதையும் இருக்கிறது, நான் விட்ட ஒரு பிழையின் கதையும் இருக்கிறது.

நம்ம பாடசாலை ஸ்டோர் றூமில் பழைய பேண்ட் சாமான்கள் கிடப்பது உங்களில் பழைய மாணவர்களுக்குத் தெரியும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் ஒரு மாதம் வெளியே வரும், பிறகு மறுபடி தூசிக்குள் போகும். ஒரு பேஸ் டிரம், தோல் கிழிந்த சைட் டிரம்கள் நாலு, ஒரு சோடி 14 அங்குலச் சிம்பல். அந்தச் சோடியில் ஒன்றுக்கு விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே வெடிப்பு. பாவிக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. பொருட்பதிவேட்டில் இருக்கிற சாமான். அதிபராக இருந்தாலும் நினைத்தபடி கழிக்க முடியாது.

தரம் 12 தொழினுட்பப் பிரிவில் ஒரு பொடியன். பெயர் வேண்டாம். இந்தப் பதிவைப் போட முன் அவனிடமும் அவன் வாப்பாவிடமும் வாசித்துக் காட்டிவிட்டேன். அவனுக்குத் தாளம் என்றால் உயிர். இடைவேளை மணி அடித்தால் கன்டீன் பக்கம் போகமாட்டான், ஸ்டோருக்குள் போய்விடுவான். ஒரு பழைய கதிரையின் முதுகில் அந்த வெடித்த சிம்பலைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மரக்குச்சியால் தட்டிக்கொண்டிருப்பான்.

ஸ்டோரின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அங்கே பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையில் ஒரு பெரியவர். ஒரு நாள் அவருடைய மகள் பாடசாலைக்கு வந்தார். அந்தச் சகோதரி சத்தம் போடவே இல்லை. "சேர், ஏசுறதுக்கு வரல்ல. வாப்பா ஒவ்வொரு அடிக்கும் திடுக்கிட்டுப் போறாரு. இரவும் நித்திர இல்ல, பகல்ல கண்ண மூடுற அந்தக் கொஞ்ச நேரமும் இல்லாமப் போகுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தை நான் யார் மேல் இறக்கினேன் என்று நினைக்கிறீர்கள்? நேரே ஸ்டோருக்குப் போனேன். குச்சிகளைப் பறித்தேன். இடைவேளை முடிந்து பிள்ளைகள் வரிசையில் போய்க்கொண்டிருக்கும்போது, எல்லோருக்கும் கேட்க, "இந்தத் தகரத்தத் தட்டித் தட்டி நீ என்னத்தக் கிழிக்கப் போறா? படிக்க வந்தியா, கூத்தாட வந்தியா?" என்று கேட்டேன். ஸ்டோரைப் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் கொடுத்தேன்.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வி கேட்கவே இல்லை. அதற்கு முன் ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு கேள்வியாவது கேட்பவன்.

ஒரு மாதம் போனது. சக்தி மாற்றம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து அடுப்புப் பற்றவைக்கிற காஸ் லைட்டரைக் கொண்டுபோய் வகுப்பில் 'டிக்' என்று அடித்துக் காட்டினேன். அதற்குள் பற்றரி இல்லை. உள்ளே ஒரு சின்னப் பளிங்குத் துண்டு, அதை ஒரு சின்னச் சுத்தியல் அடிக்கிறது, அடிபட்ட அழுத்தத்தில் மின்னழுத்தம் பிறந்து பொறி பாய்கிறது. பியர் கியூரியும் அவருடைய சகோதரர் ஜாக் கியூரியும் 1880 இல் கண்டுபிடித்த விசயம். இதைத்தான் பீசோ விளைவு என்கிறோம்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல். "சேர், அப்ப மெல்ல அடிச்சா கரண்டும் கொஞ்சமா வருமா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. லைட்டருக்குள் இருக்கிற சுத்தியலை ஸ்பிரிங் அடிப்பதால் எப்போதும் ஒரே பலம்தான், ஆனால் வெறும் பீசோத் தட்டில் நீ சொல்வது சரி, மெல்லத் தட்டினால் கொஞ்சம், பலமாகத் தட்டினால் கூட என்றேன். அவன் தலையை ஆட்டினான். அவன் மனது எங்கே ஓடுகிறது என்று எனக்கு விளங்கியது. பாடம் முடிந்ததும் கூப்பிட்டு, "சிம்பலுக்குப் பூட்டிப் பாப்பமா மகன்?" என்று கேட்டேன்.

கடையில் விற்கிற இலத்திரனியல் டிரம் செட் ஒன்று வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டிப் போன பிறகு, அதன் விலையைக் கேட்கவே பயம். ஒரு பீசோத் தட்டோ ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும் சாப்பிடுகிற காசு. கொழும்புக்குப் போன ஒரு பழைய மாணவர் முதலாம் குறுக்குத் தெருவில் பத்துத் தட்டு வாங்கி பஸ்ஸில் அனுப்பிவிட்டார். 35 மில்லிமீற்றர் வட்டம், பித்தளைத் தகட்டின் மேல் வெள்ளைப் பீங்கான் மாதிரி ஒரு பூச்சு. பிறந்தநாள் வாழ்த்து மட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடுமே, அதற்குள் இருப்பதும் இதுதான்.

அதிபரிடம் அனுமதி கேட்டேன். ஒரே நிபந்தனை போட்டார். "செய்ங்க சேர். ஆனா வெட்டவும் வேணாம், ஓட்ட போடவும் வேணாம். பதிவேட்டில எப்படி இரிக்கோ அப்படியே திரும்ப வைக்கக்கூடியதா இரிக்கணும்." வெடிப்பின் முனையில் ஒரு சின்னத் துளை போட்டால் வெடிப்பு மேலே ஓடாமல் நிற்கும் என்பது தெரிந்தும் அதைச் செய்யவில்லை. பிறகு யோசித்தால் அந்த நிபந்தனை நல்லதுதான். கழற்றிவிடக்கூடியதாக எதையும் செய்ய வேண்டும் என்றால் மூளை கொஞ்சம் கூட வேலை செய்கிறது.

முதல் முயற்சியில் தட்டை விளிம்புக்குக் கீழே, குச்சி படுகிற இடத்துக்கு நேரே ஒட்டினோம். பத்து அடியில் பீங்கான் வெடித்து, சோல்டர் பண்ணின வயரும் கையோடு வந்தது. இரண்டாவதை நடுக்குமிழுக்குக் கிட்ட, அடிப்பக்கத்தில், இருபக்கமும் ஒட்டுகிற ஃபோம் டேப்பால் ஒட்டினோம். அது நின்றது. வயரை ஒரு தடவை வளைத்து டேப்பால் கட்டினோம், சிம்பல் ஆடும்போது இழுவை சோல்டரில் விழாமல் இருக்க.

அடுத்தது சுற்று. பீசோ சில நேரம் பல வோல்ட் தள்ளிவிடும். ஆடுயினோப் பலகை 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே பீசோவுக்குக் குறுக்கே 1 மெகா ஓம் தடை ஒன்று, 5.1 வோல்ட் சீனர் டயோட் ஒன்று, தொடரில் இன்னொரு சின்னத் தடை. பலகை லியோனார்டோ வகை. அதை யூஎஸ்பியில் குத்தினால் கணினி அதை நேரடியாக ஒரு மிடி வாத்தியமாக எடுத்துக்கொள்ளும். மிடி என்பது 1983 இலிருந்து வாத்தியங்களும் கணினிகளும் கதைத்துக்கொள்கிற பாசை. அந்தப் பாசையில் 49 என்றால் கிராஷ் சிம்பல், 51 என்றால் ரைட் சிம்பல். அடியின் பலத்தை 1 இலிருந்து 127 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணைக் கேட்டு ஹைட்ரஜன் என்கிற இலவச மென்பொருள் ஹெட்போனுக்குள் சத்தத்தைத் தருகிறது.

எல்லாம் பூட்டி முதல் அடி அடித்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "சேர், ஒருத்தனக் கூப்பிட்டா ஏழு பேர் வாறானுகள்!"

ஒரு அடிக்கு ஏழு சத்தம். காரணம் விளங்கியது. சிம்பல் செய்யப்பட்டதே நீண்ட நேரம் அதிர. நாம் ஒரு தடவை அடித்தாலும் அது செக்கன் கணக்கில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நடுக்கத்தையும் பீசோ ஒரு புது அடி என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நான் ஒரு ஆசிரியர் செய்கிற வேலையைச் செய்தேன். புரோகிராமில் 'த்ரெஷோல்ட்' என்று ஒரு எண் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிற எதையும் காதில் எடுக்காதே என்று அர்த்தம். அளவு 0 இலிருந்து 1023 வரை. நான் அதை 200 க்கு ஏற்றினேன். இன்னொரு எண், ஒரு அடி கேட்டதும் எவ்வளவு நேரம் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்பது. அதை 200 மில்லி செக்கனுக்கு வைத்தேன். ஏழு பேர் ஒருவனானான். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தேன்.

அவன் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தான். முகம் சரியில்லை.

"என்ன மகன்?"

"சேர், வேகமா அடிச்சா ஒண்ட விட்டு ஒண்டு விழுங்குது. மெல்லத் தட்டினா… மெல்லத் தட்டுறது இதுக்குக் கேட்குதே இல்ல சேர்."

கணக்குப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நிமிடத்துக்கு 120 தாளம், ஒரு தாளத்துக்கு நாலு தட்டு என்றால், தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் 125 மில்லி செக்கன்தான். நான் 200 க்குக் காதை மூடி வைத்திருக்கிறேன். பாதியை விழுங்காமல் என்ன செய்யும்?

ஆனால் என்னைத் தைத்தது இரண்டாவது விசயம். மெல்லத் தட்டுவது இதற்குக் கேட்பதில்லை. அன்று இரவு படுக்கையில் கிடந்து யோசித்தேன். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். சத்தம் கூடினால் நான் மேசையில் அடிப்பேன். அப்போது யார் அடங்குவார்? சத்தம் போட்டவன் ஐந்து நிமிடத்தில் மறுபடி தொடங்குவான். மெதுவாகக் கேள்வி கேட்க வாயெடுத்தவள்தான் அன்றைக்கு முழுக்க அடங்கிப்போவாள். இருபது வருசமாக என் த்ரெஷோல்ட் 200 இல்தான் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் பலகையைத் தொடவில்லை. சிம்பலுக்குப் போனோம். பிரச்சினை காதில் இல்லை, நடுக்கத்தில். அதை அங்கேயே ஆற்ற வேண்டும்.

முதலில் ரெஜிபோம் வைத்துப் பார்த்தோம். பாரமில்லாத சாமான், அது நடுக்கத்தை ஆற்றாமல் தானும் சேர்ந்து நடுங்கி உதிர்ந்தது. பிறகு சந்தியில் இருக்கிற கராஜில் கேட்டோம். வாகனக் கதவுக்குள் இரைச்சல் குறைக்க ஒட்டுகிற, ஒரு பக்கம் அலுமினியம் போட்ட பாரமான ரப்பர் தாள், வெட்டி மிஞ்சின துண்டுகளைச் சும்மா தந்தார்கள். அதை அடிப்பக்கத்தில் ஒட்டினோம். இழுவைபடும் ரப்பர் அந்த அதிர்வைக் கொஞ்சம் சூடாக மாற்றித் தனக்குள் எடுத்துக்கொள்ளும். மேற்பக்கத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் 16 அங்குலச் சைக்கிள் டியூப். உட்பக்கம் நீளத்துக்குக் கீறி, டயர் போடுவது மாதிரி விளிம்பைச் சுற்றி இழுத்து மாட்டினோம். பசையே தேவைப்படவில்லை. வெடிப்பின் கூரும் மூடுபட்டது. நிபந்தனையும் மீறவில்லை.

தட்டிப் பார்த்தால் 'டக்'. அவ்வளவுதான். பக்கத்து வளவில் யாரோ சிரட்டையைத் தட்டுவது மாதிரி.

இப்போது த்ரெஷோல்டை இறக்கத் தொடங்கினோம். 150. 100. 60. கடைசியில் 35 இல் நிறுத்தினோம். காது மூடுகிற நேரம் 40 மில்லி செக்கன். விரல் நுனியால் தொட்டால்கூடக் கேட்டது. அவன் விரல் நுனியால் மெல்ல ஆரம்பித்து, பிறகு குச்சியை எடுத்து, மெது மெதுவாக ஏற்றி ஒரு பெரிய அடியில் கொண்டுபோய் நிறுத்தினான். ஹெட்போனில் அத்தனையும் வந்தது. ஒன்றையும் விழுங்கவில்லை.

இன்னும் சில்லறை வேலைகள் இருந்தன. அடித்ததும் சத்தம் ஒரு இழை பிந்தி வந்தது. கணினியின் ஒலி பஃபர் 1024 இல் இருந்தது, அது மட்டுமே 23 மில்லி செக்கன் பிந்துகிறது. 256 க்கு இறக்கினதும் 6 க்குக் கிட்ட வந்தது, கைக்குத் தெரியவில்லை. சிம்பல் அடிக்க அடிக்கச் சுழன்று பீசோ இருக்கிற பக்கம் தள்ளிப்போனதால் அடியின் பலம் மாறி மாறிக் காட்டியது. ஒரு துண்டு நைலோன் கயிறால் சுழலாமல் கட்டினோம். இரண்டாவது சிம்பலையும் அதே கம்பியில் பூட்டியபோது ஒன்றை அடித்தால் மற்றதும் பேசியது. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி இடையில் வைத்தோம், அடங்கியது. கையால் பிடித்துச் சத்தத்தை நிறுத்துகிற வசதி இன்னும் வரவில்லை. அது அவனுடைய அடுத்த வேலை.

பிறகு பரீட்சை. பின் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுடைய நண்பன் ஸ்டோரில் இருந்தான், பத்து நிமிடம் விடாமல் அடிக்கச் சொல்லியிருந்தோம். நாங்கள் சலாம் சொல்லி உள்ளே போய்ப் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும். பெரியவர் நல்ல நித்திரை. சகோதரி தேத்தண்ணி கொண்டுவந்தார். "எப்ப சேர் அடிக்கப் போறாங்க?" என்று கேட்டார். "இப்ப அடிச்சிட்டுத்தான் இரிக்காங்க" என்றான் அவன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

அவன் எழும்பி நின்று, "மாமி, முந்தி அடிச்சதுக்கு மன்னிச்சிக்கங்க. மூத்தாப்பா படுத்திருக்காருன்னு எனக்கித் தெரியாது. தெரிஞ்சிருந்தா அடிச்சிரிக்க மாட்டன்" என்றான்.

தெரியாது. எனக்கு அந்த இடத்தில் தேத்தண்ணி இறங்கவில்லை. அன்றைக்கு நான் குச்சியைப் பறித்தேன், தகரம் என்றேன், கூத்து என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளி இருக்கிறார் மகன் என்ற ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனே நிறுத்தியிருப்பான்.

தகரம் என்று சொன்னேனே, அதுவும் பிழை. நம்ம சிம்பல் பித்தளை, செம்பும் நாகமும். விலை கூடினவை வெண்கலம், 80 பங்கு செம்பு 20 பங்கு வெள்ளீயம். உலகம் முழுக்கத் தெரிந்த சில்ஜியன் சிம்பல் 1623 இல் இஸ்தான்புல்லில் ஒரு ஆர்மீனியர் தொடங்கிய பட்டறையில் பிறந்தது. துருக்கி மொழியில் 'சில்' என்றால் சிம்பல். உஸ்மானியப் படையின் மெஹ்தர் வாத்தியக் குழுவில் பெரிய முரசும் சிம்பலும் சேர்ந்து முழங்கியதைப் பார்த்துத்தான் 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் அவற்றைத் தங்கள் பேண்டில் சேர்த்துக்கொண்டன. அங்கிருந்து பிரித்தானியர் பேண்டுக்கு, அங்கிருந்து நம்ம நாட்டுப் பாடசாலை மைதானத்துக்கு. நான் தகரம் என்று சொன்ன சாமானுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் இருக்கிறது.

இசை பற்றி நம்மூரில் ஒரே கருத்து இல்லை என்று எனக்குத் தெரியும். கருத்துப் பெட்டியில் அதைத் தீர்க்க வேண்டாம், அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் இங்கே சத்தத்தைப் பற்றியும் ஒரு பிள்ளையைப் பற்றியும்தான் எழுதுகிறேன். அயலவரின் நித்திரைக்கு உரிமை இருக்கிறது என்பதில் நம்மில் யாருக்கும் இரண்டு கருத்து இராது.

பெற்றோருக்கு ஒரு விசயம். பக்கத்தில் நின்று அடிக்கிற சிம்பல் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணித்தியாலம்தான் காதுக்கு எல்லை என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பூட்டின அறைக்குள் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பொடியனின் காதைப் பற்றி அன்று நானும் யோசிக்கவில்லை. ஹெட்போனிலும் சத்தத்தைக் குறைத்தே வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும்போது ஒழுங்கையில் வைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சேர்" என்றான், வெட்கப்பட்டான். ஆனால் நான் ஏசியது ஒழுங்கையில் வைத்து அல்ல, வரிசையில் போன பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கேட்க. அதனால் மன்னிப்பையும் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சொன்னேன். அன்று அங்கே இல்லாதவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

மகன், அன்று நான் சொன்னது பிழை. என்னை மன்னித்துக்கொள்.

செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். வெடித்த சிம்பல், பழைய டியூப், தேய்ந்த செருப்பு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். படிப்பிக்கப் போவது நான் அல்ல, அவன்தான். நான் சோல்டரிங் அயன் பிடிப்பேன்.

ஸ்டோர் திறப்பு இப்போது அவனிடம்தான் இருக்கிறது.